ஏழு நகரங்களும் ஏழு தீவுகளும்

‘தில்லி சிறந்ததா, பம்பாய் சிறந்ததா?’ என்னும் வினா நம் காலனிக்குப் புதிதன்று. படிப்பை முடித்த பிள்ளை வேலைக்கு மனுப் போடும்போதும், மகளுக்கு வரன் பார்க்கும்போதும், மாற்றல் உத்தரவு வரும்போதும், ஓய்வு பெற்ற முதியோர் எந்தப் பிள்ளையிடம் போய் இருப்பது என்று எண்ணும்போதும் இவ்வினா வீட்டுக்கு வீடு எழுகின்றது. நாம் வாழும் நாக்பூர் பாரத நாட்டின் நடுவே அமைந்திருப்பதால், வடக்கே தில்லிக்குச் செல்லும் வண்டியும் மேற்கே பம்பாய்க்குச் செல்லும் வண்டியும் நம் நிலையத்திலேயே கிடைக்கின்றன. எந்த வண்டியில் ஏறுவது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இதற்கு உற்றாரும் நண்பரும் கூறும் விடைகள் பெரும்பாலும் விருந்தினராய்ச் சென்று கண்ட காட்சிகளையே அடிப்படையாகக் கொண்டவை. மூன்று நாள் தங்கி வந்தவர் ஒருவர் தில்லியின் அகன்ற சாலைகளைப் புகழ்வார். மற்றொருவர் பம்பாயின் கடற்காற்றைச் சொல்லி மகிழ்வார். காண்பதற்கு இனிய நகர் வாழ்வதற்கும் இனியதாய் இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. ஒரு நகர் விருந்தினர்க்கு ஒரு முகமும் குடியிருப்போர்க்கு மற்றொரு முகமும் காட்டும். அவ்விரு முகங்களும் எவ்வாறு அமைந்தன என்பதை வரலாறே நமக்குச் சொல்லவல்லது. ஆதலின் இரு பெருநகரங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவோம். பம்பாய் என்னும் பெயர் 1995-ஆம் ஆண்டில் மும்பை என மாறிற்று. பழைய செய்திகளைக் கூறுமிடத்துப் பழைய பெயரையும், இன்றைய செய்திகளைக் கூறுமிடத்துப் புதிய பெயரையும் வழங்குவோம்.

பட்டினமும் தலைநகரும்

கடற்கரையில் வாணிகத்தால் வளர்ந்த ஊர் வேறு, உள்நாட்டில் அரசால் வளர்ந்த ஊர் வேறு என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். முன்னதைப் பட்டினம் என்றனர். சோழ நாட்டுப் புகார் பட்டினம்; பாண்டியரின் மதுரை தலைநகர். சிலப்பதிகாரக் கதை புகாரில் தொடங்கி மதுரைக்குச் செல்கின்றது. செல்வத்தை இழந்த கோவலன் மீண்டும் வாணிகம் செய்ய எண்ணிப் பட்டினத்தை விட்டுத் தலைநகரை அடைந்தான். அங்கே ஆராயாது பிறந்த அரசன் சொல் ஒன்றே அவன் வாழ்வை முடித்தது. தலைநகரில் ஆணை பெரிது. பட்டினத்தில் சரக்குப் பெரிது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் தில்லியையும் பம்பாயையும் அறிந்துகொள்வது எளிதாகும்.

மற்றுமோர் ஒற்றுமையும் உண்டு. தில்லியை ‘ஏழு நகரங்களின் நகர்’ என்பது வழக்கம். பம்பாயோ ஏழு தீவுகளால் ஆகிய நகர். எண் ஒன்றே, பொருள் வேறு. தில்லியின் ஏழு நகரங்கள் ஒன்றை விட்டு ஒன்று எழுந்தவை. பம்பாயின் ஏழு தீவுகள் ஒன்றோடு ஒன்று இணைந்தவை. இடம் மாறி வளர்ந்தது தில்லி. இடம் சேர்த்து வளர்ந்தது பம்பாய். இவ்விரு நகரங்களின் அழகும் அல்லலும் இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே தோன்றுகின்றன என்பது நம் கருத்து.

இடம் மாறிய நகர்

தில்லியின் பழைய பகுதி தெற்கே மெஹ்ரௌலியில் உள்ளது. தோமர் குலத்தார் பதினோராம் நூற்றாண்டில் அங்கே லால்கோட் என்னும் கோட்டையைக் கட்டினர். பின் வந்த சௌகான் மன்னர் காலத்தில் அது விரிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் குத்புதீன் ஐபக் தொடங்கிய குதுப் மினார், அவருக்குப்பின் வந்த இல்துத்மிஷ் காலத்தில் உயர்ந்து எழுந்தது. இன்று அதன் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர்.

அடுத்து வந்தோர் அவ்விடத்தில் நிலைத்தாரில்லை. அலாவுதீன் கில்ஜி பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்கே சிரி என்னும் நகரை எழுப்பினார். அதற்கு நீர் வேண்டி ஹௌஸ் காஸ் ஏரியை வெட்டுவித்தார். கியாசுதீன் துக்ளக் 1321-க்குப் பின் துக்ளகாபாத் என்னும் பெருங்கோட்டையைக் கட்டினார். சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. அவருடைய மகன் முகம்மது பின் துக்ளக் ஜகான்பனா என்னும் நகரை அமைத்தார். அதுவும் போதாதென்று 1327-இல் தலைநகரையே தக்காணத்திற்கு மாற்றினார். இன்று நம் மாநிலத்தில் உள்ள தௌலதாபாத் கோட்டைக்கு நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா செல்கின்றனர் அல்லவா? அவ்விடத்திற்குத்தான் ஓர் ஆணையின் பேரில் தில்லி மக்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வழிநடந்து வந்தனர். சில ஆண்டுகளுக்குப்பின் திரும்பிப் போகவும் ஆணை பிறந்தது.

அதன்பின் பிரோஸ் ஷா யமுனைக் கரையில் பிரோசாபாத் நகரைக் கட்டினார். தோப்ரா என்னும் ஊரிலிருந்த அசோகர் கல்தூணைப் பெயர்த்து வந்து அங்கே நாட்டினார். நகர் மட்டுமன்றித் தூணும் தில்லிக்கு வேற்றிடத்திலிருந்தே வந்தது! ஹுமாயூன் 1533-இல் தீன்பனா என்னும் நகரைத் தொடங்கினார். அதனை வென்ற ஷேர் ஷா அவ்விடத்தில் தம் கட்டடங்களை எழுப்பினார். இன்று புராணா கிலா எனப்படுவது அதுவே. ஷாஜகான் ஆக்ராவை விட்டு வந்து, 1639-இல் செங்கோட்டைக்கு அடிக்கல் நாட்டி, 1648-இல் ஷாஜகானாபாத் என்னும் ஏழாம் நகரில் குடிபுகுந்தார். நாம் பழைய தில்லி என்று சொல்வது இந்த நகரையே.

இவ்வாறு மன்னர்தோறும் நகர் மாறியதன் காரணம் பெருமை ஒன்றே அன்று. பகைவருக்கு அஞ்சியும் நீரை நாடியும் அவர்கள் இடம் பெயர்ந்தனர். தெற்கிலிருந்த குன்றுப்பகுதியை விட்டு, நகர் மெல்ல மெல்ல யமுனையின் கரைக்கு நகர்ந்தது. எனினும் பகை விலகவில்லை. 1398-இல் தைமூரும், 1739-இல் நாதிர் ஷாவும் தில்லியைக் கொள்ளையிட்டனர். 1857 எழுச்சிக்குப்பின் ஆங்கிலேயர் நகர மக்களை வெளியேற்றிச் செங்கோட்டையைச் சூழ்ந்த வீடுகள் பலவற்றை இடித்தனர். தலைநகரில் வாழ்வோர் அரசு தரும் நிழலையும் பெற்றனர். அரசின்மீது விழும் இடியையும் தாங்கினர்.

இடம் சேர்த்த நகர்

இனிப் பம்பாய்க்கு வருவோம். கொலாபா, சிறிய கொலாபா, பம்பாய், மஜகாவ், பரேல், வொர்லி, மாஹிம் என்பன அந்த ஏழு தீவுகள். அங்கே கோலி இனத்து மீனவர் வாழ்ந்தனர்; அவர்கள் வழிபட்ட மும்பாதேவியின் பெயரே இன்று நகரின் பெயராய் விளங்குகின்றது. குஜராத் சுல்தானிடமிருந்து 1534-இல் போர்த்துகீசியர் இத்தீவுகளைப் பெற்றனர். போர்த்துகல் இளவரசி கேதரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு மணமுடிக்க 1661-இல் ஒப்பந்தம் ஆனபோது பம்பாய் சீதனத்தின் ஒரு பகுதியாயிற்று. அவர் 1668-இல் அதனை ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டார். மன்னருக்கு அது வேண்டாத சொத்து. வணிகருக்கு அது நல்ல துறைமுகம்.

சதுப்பும் காய்ச்சலும் நிறைந்த அவ்விடத்திற்கு மக்கள் தாமாக வருவாரில்லை. ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் பல சமயத்து வணிகரையும் கைவினைஞரையும் பாதுகாப்பு அளித்து அழைத்தார். பார்சிகளும், குஜராத்தி வணிகரும், போராக்களும், ஆர்மீனியரும் வந்தனர். தில்லிக்கு மக்கள் அரசனைப் பின்தொடர்ந்து சென்றனர். பம்பாய்க்குத் தொழிலைப் பின்தொடர்ந்து வந்தனர்.

ஆனால் வந்தவர்க்கு நிலம் போதவில்லை. தில்லி மன்னனுக்கு இடம் வேண்டுமானால் பக்கத்து வெளியில் புது நகர் கட்டலாம். பம்பாயைச் சுற்றிலும் கடல். எனவே கடலைத் தூர்த்தே நிலம் தேட வேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஹார்ன்பி வெல்லார்டு என்னும் கரை எழுந்து, பம்பாய்க்கும் வொர்லிக்கும் இடையே புகுந்த அலையைத் தடுத்தது. அதன்பின் தாழ்நிலங்கள் ஒவ்வொன்றாய் மேடாக்கப்பட்டன. 1845-இல் மாஹிம் பாலச்சாலை அமைந்து தீவை வடக்கேயுள்ள சால்செட் தீவோடு இணைத்தது. அதற்குப் பெரும்பொருள் ஈந்தவர் அரசர் அல்லர். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சிப் பெருவணிகரின் மனைவியார் ஆவாபாய். இன்றும் கடலோரச் சாலையென்றும் கட்டடமென்றும் மும்பை கடலிடமிருந்தே நிலம் கேட்டுக்கொண்டிருக்கின்றது.

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு நாட்டின் முதற் பயணிகள் இரயில் ஓடிற்று. அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சாலைகள் தோன்றின. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றபோது, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டுப் புதிய பெருங்கட்டடங்கள் எழுந்தன. இரத்தினகிரி, சாத்தாரா மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் வந்து ஆலைகளைச் சுற்றியிருந்த சால்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாய், சில இடங்களில் ஓர் அறைக்குப் பல ஆடவராய், வாழ்ந்தனர். அந்த நெருக்கத்திலே 1896-இல் பிளேக் நோய் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் 1898-இல் நகர்ச் சீரமைப்பு டிரஸ்டு நிறுவப்பெற்றுத் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகள் திட்டமிட்ட புறநகர்களாய் உருவாயின. நம்மவர் வாழ்வு பம்பாயில் வேரூன்றிய மாதுங்கா, ஒரு கொள்ளைநோய் கற்பித்த பாடத்தால் பிறந்தது.

இரு வாயில்கள்

ஊரிலிருந்து வரும் உறவினர் பலர் ‘கேட்வே ஆஃப் இந்தியா’வையும் ‘இந்தியா கேட்’டையும் ஒன்றோடொன்று மாற்றிச் சொல்வதை நாம் கேட்டிருக்கின்றோம். அந்த மயக்கத்திற்குள்ளேயும் வரலாறு உண்டு. 1911 டிசம்பர் 2-ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பம்பாயின் அப்போலோ பந்தரில் வந்து இறங்கினார். அதன் நினைவாக எழுந்ததே அங்குள்ள வாயில். அது 1924-இல் முடிவுற்றது. பத்து நாட்களுக்குப்பின், டிசம்பர் 12-ஆம் நாள், அதே மன்னர் தில்லித் தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். பம்பாய்க்கு ஒரு கல்வாயிலும் தில்லிக்கு ஓர் அரசும் அந்த ஒரே பயணத்தில் கிடைத்தன.

தில்லியில் மூன்று நாட்களில் அடிக்கற்களும் நாட்டப்பட்டன. பின்னர் அவ்விடம் ஏற்றதன்று எனக் கருதி, அக்கற்களைப் பெயர்த்து ரைசினாக் குன்றுக்குக் கொண்டுபோயினர். இடம் மாறும் வழக்கம் எட்டாம் தில்லியையும் விடவில்லை. லட்யன்ஸ், பேக்கர் என்னும் இரு கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்த புதுதில்லி 1931-இல் திறக்கப்பட்டது. போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக எழுந்த இந்தியா கேட் அதன் நடுச்சாலையில் நிற்கின்றது. பம்பாயின் வாயில் வழியே 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு கப்பலேறிச் சென்றது. வரவேற்கக் கட்டிய வாயில் வழியனுப்பவும் பயன்பட்டது.

காணச் செல்வோர்க்கு

விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்குத் தில்லியே முதலில் தகும் என்று நாம் ஐயமின்றிக் கூறுவோம். விட்டுச் சென்ற நகரங்கள் எல்லாம் அங்கே இன்னும் நிற்பதே அதற்குக் காரணம். ஒரு நகரை இடித்து அதன்மேல் மற்றொன்றைக் கட்டாமல் பக்கத்தில் கட்டியதால், மெஹ்ரௌலியில் தொடங்கி வடக்கே செங்கோட்டை வரை செல்வோர் எண்ணூறு ஆண்டுகளை ஒரே நாளில் கடக்கலாம். குதுப் மினார்ப் பகுதியும் ஹுமாயூன் கல்லறையும் 1993-இலும், செங்கோட்டை 2007-இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாய் ஏற்கப்பட்டன. பள்ளிப் புத்தகத்தில் படித்ததைக் கண்ணெதிரே காணும் குழந்தை அதனை மறவாது. அக்டோபர் பின்பாதியும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களும் ஏற்றவை. மே, ஜூன் வெயிலும் நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள புகைமூட்டமும் முதியோர்க்கும் மூச்சுத் தொல்லை உடையோர்க்கும் ஆகா.

மும்பையில் காணத்தக்கவை வேறு வகையின. வாயிலின் அருகே படகேறினால் ஒரு மணி நேரத்தில் எலிபெண்டாத் தீவின் குகைக்கோயிலை அடையலாம். அங்குள்ள மும்முகச் சிவன் திருவுருவத்தின் முன் நின்றவர் பேச்சை மறப்பர். விக்டோரியா டெர்மினஸ் என்று நம் பெரியோர் அழைத்த சத்திரபதி சிவாஜி மகாராஜ் நிலையம் 2004-இல் உலகச் சின்னமாயிற்று. ஆயினும் மும்பையின் சிறந்த காட்சி கல்லால் ஆனதன்று. மாலையில் அந்நிலையத்தின் ஓர் ஓரத்தில் நின்று, வீடு திரும்பும் மக்கள் வெள்ளத்தைப் பார்க்க வேண்டும். தில்லி தன் மன்னரைக் காட்டும். மும்பை தன் மக்களைக் காட்டும்.

வாழச் செல்வோர்க்கு

வாழ்வதற்கு முதலில் வேண்டுவது வீடு. தில்லியில் நம்மவர் பலர் அரசு ஊழியராய்ச் சென்றவர்கள். அவர்களுக்குப் பதவிக்கேற்ற குவார்ட்டர்ஸ் கிடைத்தது. முன்னே சிறு புல்வெளி, பின்னே துணி உலர்த்த முற்றம், நடந்துசெல்லும் தொலைவில் பள்ளி, கடைவீதி என்னும் வசதிகள் பம்பாயில் அதே சம்பளக்காரர் கனவிலும் காணாதவை. ஆனால் அந்த வீடு பதவியின் நிழல். பதவி ஓய்ந்த சில மாதங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்து, பிள்ளைகளுக்கு மணமுடித்து, வாசலில் முருங்கை வைத்து வளர்த்த குடும்பமும் ஒருநாள் சாவியைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். நகர் மாற்றிய மன்னரின் வழக்கம் குமாஸ்தாவின் வாழ்விலும் தொடர்ந்தது. வெள்ளையர் காலத்தில் கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் அலுவலகத்தோடு குடும்பமும் பெயர்ந்தது நம் பாட்டிமார் நன்கறிந்த கதை.

பம்பாயில் நிலைமை எதிரானது. அங்கே கிடைத்தது ஓர் அறை, அல்லது ஓர் அறையும் சமையற்கட்டும். குழாயில் நீர் வரும் நேரமே வீட்டின் கடிகாரம். ஆனால் 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய வாடகையை உயரவிடாமல் கட்டிவைத்ததால், பகடி கொடுத்துப் புகுந்தவர் மூன்று தலைமுறை அங்கேயே வாழ முடிந்தது. வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை; குடியிருப்போர் காலி செய்யவுமில்லை. இதனால் இடிந்து விழும் நிலைக்கு வந்த கட்டடங்களும் பல. தில்லியில் இடம் இருந்தது, நிலை இல்லை. பம்பாயில் நிலை இருந்தது, இடம் இல்லை. இதுவே நம் பெற்றோர் தலைமுறை கண்ட உண்மை.

இரண்டாவது வேண்டுவது வழி. மும்பை தெற்கு வடக்காய் நீண்டு குறுகிய நிலம். அலுவலகங்கள் தென்கோடியில் எழுந்தன. வீடுகள் வடக்கே வடக்கே சென்றன. காலையில் எல்லோரும் தெற்கே, மாலையில் எல்லோரும் வடக்கே. இந்த அமைப்புக்கு இரயிலே ஏற்றது. 1925-இல் மின்சார இரயில் வந்தது முதல் அந்த நகரின் உயிர்நாடி அதுவே. தில்லி நாற்புறமும் பரந்த சமவெளி. அங்கே ஒரே நேர்வழி இல்லை. நெடுங்காலம் பேருந்தையே நம்பியிருந்த அந்நகருக்கு 2002-இல் மெட்ரோ வந்தபின்னரே நல்ல வழி பிறந்தது. மும்பையின் முதல் மெட்ரோ 2014-இல் ஓடத் தொடங்கிற்று. நெரிசலைப் பொறுத்தமட்டில் தில்லி மெட்ரோவில் நின்று பயணம் செய்யும் முதியவர், மும்பையின் காலை வண்டியில் ஏறவே தயங்குவார்.

மூன்றாவது நீரும் காற்றும். மும்பையின் மழை ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். தில்லியில் அதன் மூன்றிலொரு பங்களவே. 1860-இல் விஹார் ஏரியிலிருந்து குழாய்நீர் பெற்ற பம்பாய், பின்னர் தான்சா, வைதரணா எனத் தொலைவிலுள்ள நீர்நிலைகளைத் தேடிச் சென்றது. ஆனால் கடலிடம் பெற்ற தாழ்நிலத்தைக் கடல் மறக்கவில்லை. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது நகரே நீரில் நின்றது. தில்லிக்கு வெள்ளத்தினும் பெரிய துன்பம் காற்று. குளிர்காலத்தில் பள்ளிகளை மூடும் அளவுக்கு மாசு திரள்கின்றது. கடற்காற்று இன்றி உள்நாட்டுச் சமவெளியில் அமைந்த நகர், தன் புகையைத் தானே சுவாசிக்க நேர்கின்றது.

நம்மவர் இருவகையினர்

தில்லித் தமிழர் என்றால் அலுவலகத்தார், பம்பாய்த் தமிழர் என்றால் மாதுங்காவினர் என்று எண்ணுவது பாதி உண்மையே. தில்லியில் 1923-இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளி, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாய் விரிந்திருக்கின்றது. பம்பாயில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. இவை நாம் பெருமையோடு சொல்பவை. ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தாராவியில் தோல் பதனிட்டவரும் தமிழரே. தில்லி ஜங்புராவில் பாரபுல்லா வடிகாலோரம் குடிசையமைத்து, வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து பல்லாண்டு வாழ்ந்தவரும் தமிழரே.

அந்த ‘மதராசி கேம்ப்’ குடியிருப்பு நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் என ஏற்கப்பட்டவர்க்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. ஏனையோர்க்கு அதுவும் இல்லை. வேலை தெற்கே, வீடு வடக்கே என்றானால் வீட்டுவேலை செய்யும் தாய் எவ்வாறு சென்றுவருவாள்? அருகிலிருந்த தமிழ்ப் பள்ளியில் பயின்ற பிள்ளையின் படிப்பு என்னாகும்? தாராவியையும் இடித்துப் புதிதாய்க் கட்டும் திட்டம் நடைபெற்று வருகின்றது. ஒரு நகர் வாழத்தக்கதா என்று அறிய அதன் அகன்ற சாலையை மட்டும் பார்த்தல் போதாது. அங்கே கடைசியாய் வந்த ஏழைக்கு எத்தனை நாள் இடம் உண்டு என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அயலார் என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறுவோம். 1966-க்குப்பின் சில ஆண்டுகள் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிரான கிளர்ச்சி நடந்தது. நம்மவர் கடைகள் தாக்கப்பட்டன. 1984 நவம்பரில் தில்லியில் சீக்கியர் பல்லாயிரவர் துன்புற்றனர். 1992, 1993-ஆம் ஆண்டுகளில் பம்பாய் கலவரத்தால் எரிந்தது. இவ்விரு நகரங்களும் வந்தேறிகளாலேயே வளர்ந்தவை. தில்லியின் மக்கள்தொகை 1941-இல் ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேல். பிரிவினை அகதிகள் வந்தபின் 1951-இல் பதினேழு லட்சத்துக்கு மேல். வந்தவரால் வளர்ந்த நகரில் வந்தவரை வெறுத்தல் தன் வேரைத் தானே வெட்டுவதாகும். ஆயினும் பகை தணிந்தபின் நம்மவர் இரு நகரங்களிலும் நிலைத்தனர். அயல்வீட்டாரின் மொழியைக் கற்று அவர்தம் நன்மை தீமைகளில் கலந்துகொண்டதே அதற்குத் துணையாயிற்று.

இன்றைய நிலை

தந்தையர் தலைமுறை கண்ட ஒப்பீடு இன்று அப்படியே பொருந்தாது. 1982-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. அவ்விடங்களில் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. கையில் ஒன்றுமின்றி வந்தவனுக்கு வேலை தந்த பம்பாய் இன்று முதலில் முன்பணம் கேட்கின்றது. மாதுங்காவிலிருந்த குடும்பங்கள் செம்பூர், முலுந்து, டோம்பிவலி என வடக்கேயும் கிழக்கேயும் பெயர்ந்துள்ளன. இடம் சேர்த்த நகரும் இடம் மாறக் கற்றுக்கொண்டது.

தில்லியோ அரசு வேலையை மட்டும் தரும் நகராய் இல்லை. குருகிராமமும் நொய்டாவும் தனியார் தொழிலுக்குப் பெயர்பெற்றுவிட்டன. 2011 கணக்கெடுப்பின்படி தில்லி ஆட்சிப்பகுதியின் மக்கள்தொகை 1 கோடியே 68 லட்சம். பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். மும்பையின் இரு மாவட்டங்களிலும் சேர்த்து 1 கோடியே 24 லட்சம். பரப்பு சுமார் 603 சதுர கிலோமீட்டர். இடம் மாறிய நகரே இன்று ஆளெண்ணிக்கையில் பெரிது. ஓய்வு பெற்ற நம்மவர் பலர் ஊர் திரும்பாமல், கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் சேர்ந்து மயூர் விஹார், துவாரகை முதலிய பகுதிகளில் சொந்த வீடு கொண்டு நிலைத்துவிட்டனர். 1973-இல் குடமுழுக்குக் கண்ட இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர், அவ்வாறு நிலைக்க விரும்பிய நெஞ்சங்களின் அடையாளமே ஆகும்.

ஆகவே ‘எது சிறந்தது?’ என்று கேட்பதினும், ‘நம் வீட்டார்க்கு எது ஏற்றது?’ என்று கேட்பதே அறிவுடைமை. பெண்ணையோ பிள்ளையையோ அனுப்புமுன் நான்கு செய்திகளை விசாரித்தறிக: சம்பளத்தில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகும்? வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கழியும்? நீரும் காற்றும் உடம்புக்கு ஒக்குமா? நோய் வந்த இரவில் கதவைத் தட்டினால் திறக்கும் அயல்வீடு உண்டா? மூச்சுத் தொல்லை உள்ள முதியவரைத் தில்லிக் குளிருக்கு அனுப்பாதீர். இடமின்றித் தவிக்கும் பெரிய குடும்பத்தை மும்பையின் ஒற்றை அறைக்கு அனுப்பாதீர். தொழில் தொடங்கத் துணிவுடைய இளைஞனைப் பட்டினம் இன்றும் கைவிடாது. அரசுப் பணியையும் உயர்கல்வியையும் நாடுவோர்க்குத் தலைநகரின் கதவு திறந்தே இருக்கின்றது.

நான்காம் கேள்விக்கு மட்டும் எந்த நகரமும் தானே விடை தராது. அதற்கு விடை தர வேண்டியவர் அங்குள்ள நம்மவரும் இங்குள்ள நாமுமே. நம் காலனியிலிருந்து ஓர் இளைஞர் புறப்படும்போது, சென்றுசேரும் ஊரில் உள்ள நம் குடும்பம் ஒன்றின் முகவரியைக் கையில் கொடுத்தனுப்புவதை நம் சங்கம் ஒரு கடமையாகக் கொள்ள வேண்டும். அவ்வாறே வேற்றூரிலிருந்து நாக்பூருக்கு வருவோர்க்கு நம் வீட்டுக் கதவு முதலில் திறக்க வேண்டும். மன்னர் கட்டிய ஏழு நகரங்களும் வணிகர் இணைத்த ஏழு தீவுகளும் கல்லும் மண்ணுமே. ஒருவருக்கொருவர் கதவு திறக்கும் மக்கள் சேர்ந்தபோதுதான் அவை ஊராயின.